'கவனக்குறைவு' என்று கையெழுத்திட்டவன் நான்

அந்த உடுப்பு ஒரு கண்ணாடி அலமாரிக்குள் தொங்கியது. முழங்கால் வரை வரும் கனத்த கோட்டு, அதற்கேற்ற கால்சட்டை, முகத்தை மறைக்கும் கண்ணாடி வைத்த தலைமூடி, முழங்கை வரை ஏறும் கையுறை. கோட்டின் மார்பில் தைத்திருந்த பட்டையில் '40 கலோரி' என்று போட்டிருந்தது. அந்த ஆலையில் அது ஒன்றுதான் இருந்தது. அதன் சாவி மேலாளர் மேசையில் இருந்தது.

2015-ஆம் ஆண்டு. பி.இ. முடித்துவிட்டு ஒரு மின் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனத்தில் ஜூனியர் இன்ஜினியராக இருந்தேன். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் எங்களுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம். வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்களின் ஆடிட் வந்த அன்று, அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு பேனல் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவன் நான். உடுப்பு என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. ஆடிட் முடிந்ததும் அது மீண்டும் அலமாரிக்குப் போனது.

மூன்று வாரம் கழித்து, ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டுக்குப் போகும் பிரேக்கரைக் கழற்றிப் பழுது பார்த்துவிட்டுத் திரும்ப மெயின் பேனலுக்குள் தள்ள வேண்டியிருந்தது. முறைப்படி அந்த பேனலுக்கு வரும் மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்த வேண்டும். இருபது நிமிட வேலை. "இருபது நிமிஷம் மில்லை நிறுத்தினா திரும்ப ஓட்டுறதுக்குள்ள ஷிப்ட் முடிஞ்சிரும், இதெல்லாம் நீங்க எப்பவும் பண்றதுதானே" என்றார் மேலாளர். எப்பவும் பண்ணுகிறவர் நானல்ல. எங்களோடு வந்த ஹெல்ப்பர். அவரை இங்கே அண்ணன் என்றே எழுதுகிறேன்.

அவருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஆட்கள் இருக்கும்போது என்னை "சார்" என்பார். தனியாக இருந்தால் "தம்பி". வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாளே டீக்கடையில் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று இந்தத் தளத்தை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "காலனி" என்றேன். அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. அவரும் காலனிக்காரர்தான். அன்றிலிருந்து நான் எந்த பேனலையும் தொட அவர் விட்டதில்லை.

அன்றும் அப்படித்தான். "தம்பி, நீங்க தள்ளி நில்லுங்க. ஒங்க அப்பா அம்மா என்ன பாடுபட்டு படிக்க வெச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு பிரேக்கரை உள்ளே தள்ளினார். நான் அறையின் வாசலில், ஏறத்தாழ பன்னிரண்டு அடி தள்ளி நின்றேன். பிரேக்கர் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு வெள்ளை வெளிச்சம். வெடிச் சத்தம். புகை.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. முகமும் கழுத்தும் வெந்தன. நிறுவனம் கொடுத்திருந்த சீருடைச் சட்டை பாலியஸ்டர் கலந்தது. அது உருகி மார்போடு ஒட்டிக்கொண்டது. மதுரையில் இரண்டு மாதம் தீக்காயப் பிரிவில் கிடந்தார். எனக்கு முகத்தில் ஒரு அனல் பட்டது. அவ்வளவுதான்.

நான்காவது நாள் என் முன்னால் இரண்டு தாள்கள் வைக்கப்பட்டன. ஒன்று, விபத்து நடந்த நாளின் தேதி போட்ட வேலை அனுமதிப் படிவம். 'தற்காப்பு உபகரணங்கள் வழங்கப்பட்டன: ஆம்'. இன்னொன்று விபத்து அறிக்கை. 'காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு'. இரண்டின் அடியிலும் மேற்பார்வையாளர் கையெழுத்து என்று ஒரு கோடு. இரண்டிலும் நான் கையெழுத்திட்டேன்.

பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது மின்பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் ஆய்வுப் பொருள் அந்த வெள்ளை வெளிச்சம்தான்.

மின்விபத்து என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது ஷாக். கம்பியைத் தொட்டால் கரண்டு அடிக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஆர்க் ஃபிளாஷ் எனப்படும் மின்வில் வெடிப்புக்கு எதையும் தொடத் தேவையில்லை. இரண்டு மின்கடத்திகளுக்கு இடையே, அல்லது கடத்திக்கும் எர்த்துக்கும் இடையே, காற்றின் வழியாகவே மின்சாரம் பாய்ந்துவிடும். கீழே விழும் ஒரு ஸ்பேனர் போதும். தளர்ந்த போல்ட் போதும். பேனலுக்குள் புகுந்த எலியோ பல்லியோ போதும். ஆலைகளில் படியும் ஈரமான தூசி போதும். அந்த மின்வில்லின் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும். சூரியனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 டிகிரிதான். செம்பு உருகுவதோடு நிற்காமல் ஆவியாகிறது. ஆவியாகும்போது அதன் பருமன் 67,000 மடங்கு பெருகுகிறது. அதுதான் அந்த வெடிச் சத்தம். காது கிழியும், ஆள் தூக்கி எறியப்படுவார், உருகிய உலோகம் தெறிக்கும்.

ரால்ஃப் லீ என்ற அமெரிக்கப் பொறியாளர் 1982-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஷாக்கைத் தவிர இன்னொரு மின் ஆபத்து இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். எவ்வளவு தூரத்தில் நின்றால் எவ்வளவு வெப்பம் உடலில் படும் என்று கணக்கிட வழி சொன்னார். அதன்பின் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2002-இல் ஐ.இ.இ.இ. 1584 என்ற கணக்கீட்டு நெறி வெளிவந்தது. 2018-இல் அது திருத்தப்பட்டது. தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 1.2 கலோரி வெப்பம் பட்டால் கொப்புளம் போடும் இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்குகிறது. அங்கிருந்துதான் கணக்கு ஆரம்பம்.

ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் செய்த முதல் கணக்கு அந்த ஆலையின் பேனலுக்குத்தான். டிரான்ஸ்பார்மர் 1,000 கே.வி.ஏ. மின்னழுத்தம் 433 வோல்ட். மெயின் பிரேக்கர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாரோ ரிலேயின் நேரத்தை அரை நொடிக்குக் கூட்டி வைத்திருந்தார்கள். பிரேக்கரைத் தள்ளுகிறவரின் முகமும் மார்பும் ஏறத்தாழ இரண்டு அடி தூரத்தில் இருக்கும். 2002-ஆம் ஆண்டு வாய்பாட்டில் இவற்றைப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 14 கலோரி வருகிறது. தீக்காயம் தொடங்கும் அளவைப்போல பதினோரு மடங்குக்கு மேல்.

பிறகு தூரத்தை மாற்றிப் பார்த்தேன். ஐந்து அடியில் 3.6 கலோரி. பத்து அடியில் 1.3. நான் நின்ற பன்னிரண்டு அடியில், ஒரு கலோரிக்குச் சற்றுக் கீழே.

அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே அறை, ஒரே வெடிப்பு, ஒரே அரை நொடி. அவரை எரித்ததும் என்னை விட்டதும் பத்து அடி வித்தியாசம்தான். அலமாரியில் இருந்த உடுப்பு 40 கலோரியைத் தாங்கும். அதை அவருக்குப் போட்டிருந்தால் 14 கலோரி அதற்குள் புகுந்திருக்காது. ரிலேயின் நேரம் அரை நொடிக்குப் பதில் பத்தில் ஒரு நொடியாக இருந்திருந்தால் 14 என்பது 2.8 ஆகியிருக்கும். மின்சாரத்தையே நிறுத்தியிருந்தால் பூஜ்யம். இவற்றில் எதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அண்ணனுக்கு இருந்தது? எதுவும் இல்லை. ஆனால் கவனக்குறைவு மட்டும் அவருடையதாம்!

இதை ஒரு கருத்தரங்கில் பேசியபோது மூத்த பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மின்சாரத்துக்கு சாதி தெரியாதுப்பா."

உண்மைதான். மின்சாரத்துக்கு சாதி தெரியாது. ஆனால் மின்சாரத்தின் முன்னால் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவது என்று தீர்மானிக்கிறவர்களுக்குத் தெரியும். வாய்பாட்டில் தூரம் என்று ஒன்று இருக்கிறது. இந்த நாட்டில் மனிதர்களுக்கு இடையிலான தூரத்தை மின்பொறியியலுக்கு முன்பே அளந்து வைத்தது எது? எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று எங்கள் பாட்டன்களுக்குச் சொல்லிக் கொடுத்தது எது? அன்று தள்ளி நிற்கச் சொன்னார்கள். இன்று ஆபத்து இருக்கும் இடத்துக்கு மட்டும் கிட்டே போகச் சொல்கிறார்கள். தூரம் மாறினாலும் அதை நிர்ணயிக்கும் உரிமை மாறவில்லை.

ஒரு தொழிற்சாலையின் மின்வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஆலை முதலாளி, அவருக்குக் கீழே மின் ஆலோசகர், அவருக்குக் கீழே முதல் ஒப்பந்ததாரர், அவரிடம் உள்ஒப்பந்தம் எடுத்தவர், சூப்பர்வைசர், ஒயர்மேன், கடைசியில் ஹெல்ப்பர். படியில் இறங்க இறங்க சம்பளம் குறையும். பேனலுக்கும் உடலுக்கும் உள்ள தூரமும் குறையும். நான் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளில் மேல் படிகளில் காலனிக்காரர் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. கடைசிப் படியில் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். தனியார் ஒப்பந்ததாரர் எடுக்கும் ஹெல்ப்பர் வேலைக்கு எந்தச் சட்டமும் இடஒதுக்கீடு சொல்லவில்லை. ஆனாலும் அந்த இடம் எவ்வளவு துல்லியமாக நிரம்புகிறது!

சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே எழுதிவிட்டார். ஆலைக்குள் பழைய குலத்தொழில் எதுவும் இல்லை. டிரான்ஸ்பார்மரும் பிரேக்கரும் எந்தச் சாதியின் தொழிலும் அல்ல. ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு தொழிலிலும் ஆபத்தான முனை எது, அழுக்கான முனை எது என்று பார்த்து அங்கே பழைய ஆட்களையே கொண்டுவந்து நிறுத்துகிறது சாதி.

இதற்குக் கணக்கு எங்கே என்று கேட்பார்கள். நாமும் கேட்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரண அறிக்கையில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்த வயது என்றெல்லாம் இருக்கிறது. எந்தச் சாதி என்ற பத்தி இல்லை. செத்தவர் நிரந்தரத் தொழிலாளியா ஒப்பந்தத் தொழிலாளியா என்ற பத்தியும் இல்லை. மின்வில் வெடிப்பில் வெந்து, பிழைத்து, விரல் இல்லாமல் வீடு திரும்பியவர் அதில் எங்குமே இல்லை. அவர் சாகவில்லை அல்லவா!

சாக்கடைக் குழி மரணங்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் கணக்கில் வராமல் கிடந்தன. இயக்கங்கள் ஊர் ஊராகப் போய்ப் பெயர்களைத் திரட்டின. நீதிமன்றப் படியேறின. 2013-இல் சட்டம் வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் அது முப்பது லட்சம் ஆனது. மரணங்கள் நின்றுவிடவில்லை. ஆனால் 'விஷவாயு தாக்கித் தொழிலாளி சாவு' என்ற பெட்டிச் செய்தி, சாதியக் கொலை என்ற பெயரைப் பெற்றது. எண்ணத் தொடங்கிய பிறகுதான் அது நடந்தது.

மின்வேலைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது: மின்கம்பியிலோ கருவியிலோ வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் கையுறை, ரப்பர் காலணி, பாதுகாப்பு பெல்ட், ஏணி, எர்த்திங் சாதனம், ஹெல்மெட், லைன் டெஸ்டர் கொடுக்க வேண்டும், அவை நல்ல நிலையில் இருக்க வேண்டும். 2010-இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அதே வாசகம் வந்தது. 2023-இல் அந்த ஒழுங்குமுறைகள் புதுப்பிக்கப்பட்டன. ஒரு கடத்தியைத் தொடுவதற்கு முன் அதில் மின்சாரம் இல்லை என்பதை எர்த் செய்து உறுதிப்படுத்த வேண்டும், மின்சாரம் உள்ள கருவியில் அதற்கென அதிகாரம் பெறாதவர் வேலை செய்யக்கூடாது என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவின்படி விபத்து நடந்தால் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அண்ணனுக்கு நடந்த விபத்தை யாரும் எந்த ஆய்வாளருக்கும் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

இந்தப் பட்டியலில் உள்ள பொருள்களை ஊன்றிப் பாருங்கள். கையுறை, ரப்பர் காலணி எல்லாம் ஷாக்கிலிருந்து காப்பவை. மின்வில்லின் முன்னால் ரப்பர் காலணி என்ன செய்யும்? முகத்தைக் காக்குமா? சட்டையை எரியாமல் வைக்குமா? அமெரிக்காவில் 2014-இல் திருத்தப்பட்ட தொழிலகப் பாதுகாப்பு விதி, மின் உற்பத்தி, மின்வழங்கல் பணிகளில் ஒரு தொழிலாளி மீது எவ்வளவு வெப்பம் படக்கூடும் என்பதை முதலாளியே கணக்கிட வேண்டும் என்கிறது. உருகி உடலில் ஒட்டும் துணியைப் போட்டு வேலைக்கு அனுப்பக்கூடாது என்கிறது. ஒப்பந்ததாரரின் ஆட்கள் வேலைக்கு வந்தால், இடத்தின் சொந்தக்காரர் தனக்குத் தெரிந்த ஆபத்துகளை அந்த ஒப்பந்ததாரருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. அந்த நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதல்ல. 'சொல்லாமல் விட்டது குற்றம்' என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். இங்கே சொல்லாமல் விட்டவர் தப்பித்துக்கொள்ள, தெரியாமல் தொட்டவர் குற்றவாளி ஆகிறார்.

நம் நாட்டில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2020-இல் நிறைவேற்றப்பட்ட தொழில்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, மின்விசையோடு இயங்கும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்த வரம்பை 20 ஆக்கியது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்த 20 பேர் என்றிருந்ததை 50 ஆக்கியது. எட்டுப் பேர், பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஆலை ஆலையாகப் போகும் ஒப்பந்த நிறுவனங்கள் இதில் எங்கே வரும்? நம் ஆட்கள் வேலை செய்வது அங்கேதான்.

இதில் வேதனையான ஒரு வரலாறு உண்டு. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். மின்சாரமும் அப்போது அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. 1944-இல் மத்திய தொழில்நுட்ப மின் வாரியம் அமைக்கப்பட்டது அவர் காலத்தில்தான். மலிவான, தடையில்லாத மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை, தொழில்மயம் இல்லாமல் இந்த மக்களுக்கு வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்பது அவருடைய வாதம். கிராமத்தையும் குலத்தொழிலையும் விட்டு நம் மக்கள் வெளியேற மின்சாரம் ஒரு வழி என்று அவர் கண்டார். அதே மனிதர்தான் வேலை நேரத்தைக் குறைக்கவும் தொழிலாளர் பாதுகாப்புக்கும் அந்தப் பதவியில் இருந்து பாடுபட்டார். அவருக்கு மின்சாரமும் தொழிலாளியின் உடலும் தனித்தனி விஷயங்கள் அல்ல. மின்சாரத்தை எடுத்துக்கொண்ட நாடு, அந்த இரண்டாவது பாதியை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டது.

இனி நம்மைப் பற்றி. இது சொல்லக் கடினமானது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

படித்து மேலே வா என்பது நம் இயக்கத்தின் முதல் பாடம். நான் அப்படி வந்தவன். மேலே வந்த இடத்தில் என் கையில் பேனா கொடுத்தார்கள். அந்தப் பேனாவால் நான் செய்த முதல் பெரிய காரியம், என் தெருவைப் போன்ற ஒரு தெருவிலிருந்து வந்தவரின் விரல்களுக்கு அவரையே பொறுப்பாக்கியது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. கல்விக் கடன் இருந்தது. இவையெல்லாம் காரணங்கள்தான், நியாயங்கள் அல்ல. அந்தக் கையெழுத்தைப் போட மேலாளருக்கு வேறு ஆள் கிடைக்காமல் இல்லை. காலனியிலிருந்து வந்த ஒருவன் போட்டால் கேள்வி வராது. அதை அவர் யோசித்துச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. யோசிக்காமலேயே நடக்கும்படி அமைந்திருப்பதுதான் சாதி.

இன்னொன்றும் உண்டு. 'நம்ம பசங்க கரண்டுக்குப் பயப்பட மாட்டானுங்க' என்று ஒப்பந்ததாரர்கள் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். நம் இளைஞர்களும் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வார்கள். சாக்கடையில் இறங்கியவரைப் பற்றியும் இதே பாராட்டைத்தான் சொன்னார்கள். பாதுகாப்பு வாங்கித் தருவதைவிட பாராட்டுவது மலிவு. அண்ணன் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னது வீரம் அல்ல, பாசம். காலனியிலிருந்து ஒரு பையன் இன்ஜினியர் ஆகிவிட்டான், அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பாசம். அந்தப் பாசத்தையும் சேர்த்துத்தான் அந்த ஆலை கூலி கொடுக்காமல் எடுத்துக்கொண்டது.

சென்ற ஆண்டு அவரைப் பார்க்கப் போனேன். ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். இடது கையால் பொட்டலம் கட்டுகிறார். நான் எழுதிப் போட்ட கணக்கைக் காட்டி, அன்றைய அறிக்கை பொய் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் மனுப் போட இரண்டு ஆண்டு கெடு வைத்திருக்கிறது, போதுமான காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஆணையர் ஏற்கலாம் என்று வழக்கறிஞர் நண்பர் சொன்னதையும் சொன்னேன். முதன்மை முதலாளியான ஆலையே பொறுப்பேற்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேணாம் தம்பி. பையன் அங்கதான் வேலை பாக்குறான்" என்றார்.

அதே ஒப்பந்ததாரர். அதே ஹெல்ப்பர் வேலை. பையனுக்குப் பத்தொன்பது வயது. இந்தக் கட்டுரையில் எந்தப் பெயரும் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

பையனிடம் தனியாகப் பேசினேன். மின்சாரம் இருக்கும்போது பேனலைத் திறக்காதே, பாலியஸ்டர் சட்டை போடாதே, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதே என்றேன். தலையாட்டினான். பிறகு கேட்டான்: "ஆஃப் பண்ணாம தொடமாட்டேன்னு சொன்னா, நாளைலேர்ந்து வரவேணாம்னு சொல்லிருவாங்கண்ணே. அப்ப என்ன பண்ண?" மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதினால் ஒரு சான்றிதழாவது கையில் இருக்கும் என்றேன். அதற்கு ஐந்தாண்டு அனுபவம் வேண்டும், அந்த அனுபவத்தை ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். "அப்பாவுக்கே எழுதிக் குடுக்கலையே" என்றான். பதினாறு ஆண்டு வேலை செய்த அண்ணன், தாளில் ஒரு நாள்கூட மின்வேலை செய்யவில்லை.

அந்தப் பையனின் கேள்விக்கு என் ஆய்வில் பதில் இல்லை. தனியாளாக மறுக்க அவனால் முடியாது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். இது தொழிற்சங்கத்தின் வேலை என்று சாதி ஒழிப்பு இயக்கங்களும், இது சாதிப் பிரச்சனை அல்ல என்று தொழிற்சங்கங்களும் ஒதுங்கினால், நடுவில் நிற்கிறவன் அவன்.

நாம் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை.

மின்சாரத்தை நிறுத்தாமல் செய்யும் வேலைக்கு, ஏன் நிறுத்த முடியாது என்று ஆலை உரிமையாளர் தரப்பே எழுத்தில் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்ததாரரின் ஜூனியர் இன்ஜினியர் அல்ல. ஒவ்வொரு மெயின் பேனலிலும், எத்தனை அடியில் எத்தனை கலோரி என்று கணக்கிட்டுத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். எண்ணைப் பார்த்த தொழிலாளிக்கு மறுக்க ஒரு ஆதாரம் கிடைக்கும். தீ தாங்கும் உடுப்பு பேனலுக்கு மிக அருகில் நிற்பவரின் அளவுக்குத் தைக்கப்பட வேண்டும். ஹெல்ப்பருக்கு அனுபவச் சான்று தர மறுப்பதைத் தண்டனைக்குரியதாக்க வேண்டும். மின்விபத்துப் பதிவேட்டில் தீக்காயத்துக்குத் தனிப் பத்தி, வேலையின் தன்மைக்கு ஒரு பத்தி, சாதிக்கு ஒரு பத்தி வேண்டும். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்பதை விபத்தின் காரணமாக எழுதுவதற்கு முன், மின்சாரம் ஏன் நிறுத்தப்படவில்லை, ரிலே ஏன் தாமதித்தது, உடுப்பு எங்கே இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதியாக வேண்டும்.

இவை வரும்வரை நாமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் தெருவில் ஹெல்ப்பராக, ஒயர்மேனாக வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். கை, முகம் வெந்தவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, என்ன வேலை, மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்ததா, அறிக்கையில் என்ன எழுதினார்கள். பெயரை வெளியிட வேண்டாம், எழுதி மட்டும் வையுங்கள். என்னைப் போல மேற்பார்வையாளர் கோட்டில் கையெழுத்திட்டுவிட்டு வந்த நம் இன்ஜினியர்களும் இருக்கிறார்கள். அவர்களும் பேச வேண்டும்.

நான் தொடங்கி வைக்கிறேன். 2015-இல் நான் கையெழுத்திட்ட இரண்டு தாள்களிலும் இருப்பது பொய். உபகரணம் எதுவும் வழங்கப்படவில்லை. கவனக்குறைவு அண்ணனுடையது அல்ல.